நொடித்துப்போன நகரத்தைத் தொழில்முனைவோர் சிலர் சேர்ந்து மீட்டுவிட முடியுமா? அமெரிக்காவின் கார் தொழில் நகரமான டெட்ராய்ட்டில் நடந்தது என்ன?

டெட்ராய்ட்டின் வடக்கு எல்லை எய்ட் மைல் ரோடு. அதைத் தாண்டிய புறநகர் ஒன்றில் 2001 முதல் குடியிருக்கிறேன். பார்த்த வரைக்கும் சொல்கிறேன்: தொழில்முனைவோர் மீட்டார்கள் என்பது பாதிக் கதை. கடை போடுகிறவர் தெருவிளக்கு எரிந்த பிறகுதான் வருவார். விளக்கை யார் எரிய வைத்தார்கள், அதற்கு யார் தலையில் கை வைத்தார்கள் என்பதுதான் மீதி.

முதலில் என் கதை. கார் சீட் உறைகளுக்கு பேட்டர்ன் வரைவது என் வேலை. தோலையும் துணியையும் எந்த வடிவத்தில் வெட்டினால், தைத்து மாட்டும்போது சுருக்கம் விழாது என்று கணக்குப் போடுவது. 2009 தொடக்கத்தில் அந்த வேலை போனது. சில மாதங்களில் கிரைஸ்லர், ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெரிய கார் நிறுவனங்கள் இரண்டுமே திவால் மனு போட்டன. எங்களைப் போன்ற சப்ளையர்களிடம் வேலை பார்த்தவர்கள் கொத்துக்கொத்தாக வெளியே நின்றோம்.

மிச்சிகன் மாநிலத்தில் அப்போது வேலை இழந்தவர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷப் படிப்புக்கு 10,000 டாலர் வரை அரசு கட்டும். நானும் போய் டேட்டாபேஸ் படித்தேன். அந்தச் சான்றிதழ் இன்றைக்கும் அலமாரியில்தான் இருக்கிறது. சோறு போட்டது வேறு. தோல் பை செய்யும் சின்னப் பட்டறைக்காரர் ஒருவர், பேட்டர்ன் வரைந்து தர முடியுமா என்று கேட்டார். போய்ப் பார்த்தால், சீட் தைக்கும் அதே வாக்கிங் ஃபுட் மெஷின்! சாதாரணத் தையல் மெஷினில் துணியைக் கீழே இருக்கிற பல்தான் நகர்த்தும். இதில் மேலே அழுத்துகிற பாதமும் ஊசியும் கூடவே நடக்கும். நாலு மடிப்புத் தோலைக் கொடுத்தாலும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காது. அந்த மெஷினைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து பைக்குத்தான் பேட்டர்ன் வரைகிறேன். 'புதிய வாழ்க்கை' என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். பழைய தொழிலையே கொஞ்சம் மடித்துத் தைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இந்த ஊரில் உருப்படியாக நின்ற முயற்சிகள் பலவும் இந்த ரகம்தான். வெரோனிகா ஸ்காட் என்ற பெண் 2010-ல் இங்கே டிசைன் கல்லூரி மாணவி. வீடற்றவர்களுக்காக, பிரித்தால் படுக்கைப் பையாகிற கோட் ஒன்றை வடிவமைத்தார். காப்பகத்தில் இருந்த ஒரு பெண்மணி, எங்களுக்குக் கோட் வேண்டாம், வேலைதான் வேண்டும் என்று சத்தம் போட்டிருக்கிறார். மற்றவர்களாக இருந்தால் முகம் சுண்டி வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் அந்தக் காப்பகப் பெண்களையே சம்பளம் கொடுத்து கோட் தைக்க வைத்தார். தி எம்பவர்மென்ட் பிளான் என்ற அமைப்பு அப்படி உருவானதுதான். கோட்டுக்குள் குளிர் தாங்க வைத்த பொருளில் ஒரு பகுதி ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்தது. காருக்குள் சத்தம் வராமல் இருக்க வைக்கிற அடைப்பு அது! சீட் தொழிலில் இருந்தவன் என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது.

இனி விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். 1950-ல் இந்த ஊரில் 18 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2010-ல் சுமார் 7 லட்சம். ஆள் குறைந்தாலும் ஊரின் பரப்பு குறையாதே. அதே நீளத்துக்குச் சாலை, அதே நீளத்துக்குக் குழாய், வரி கட்ட மட்டும் பாதிக்கும் குறைவானவர்கள். 2013 ஜூலையில், ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடனோடு நகரமே திவால் மனு போட்டது. அமெரிக்க நகராட்சித் திவால்களில் அதுவரை அவ்வளவு பெரிது எதுவும் கிடையாது. தெருவிளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை. போலீஸைக் கூப்பிட்டால் வந்து சேர சராசரியாக 58 நிமிஷம் என்று அரசு நியமித்த நெருக்கடி கால மேலாளரின் அறிக்கையே சொன்னது. அப்படிப்பட்ட தெருவில் யார் போய் காபிக் கடை திறப்பார்கள்?

திவாலிலிருந்து வெளியே வர 2014 டிசம்பர் ஆனது. நகர அருங்காட்சியகத்தின் ஓவியங்களை ஏலம் விட்டுக் கடன்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அறக்கட்டளைகளும் மாநில அரசும் அருங்காட்சியகமும் சேர்ந்து 81.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. ஓவியங்கள் தப்பின, ஓய்வூதிய நிதிக்கும் பணம் வந்தது. ஆனாலும் நகராட்சியின் பொதுப் பிரிவில் ஓய்வு பெற்றவர்களுக்கு மாத ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டு. விலைவாசிக்கு ஏற்றபடி கிடைத்துவந்த உயர்வும் போனது, மருத்துவக் காப்பீடும் பெருமளவு போனது. அதற்கு அவர்களே ஓட்டுப் போட்டுச் சம்மதித்தார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னும் அதிகமாக வெட்டு விழும் நிலை. குப்பை லாரி ஓட்டியவர், தண்ணீர் மீட்டர் பார்த்தவர் இவர்களெல்லாம் இந்த நகரத்தில் முதலீடு செய்தவர்கள் என்று எந்த விழா மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தெருவிளக்கு எரிந்தது இதற்கெல்லாம் பிறகுதான்: 2016 கடைசிக்குள் 65,000 எல்இடி விளக்குகள் போட்டு முடித்தார்கள்.

பெரிய முதலாளிகளின் பங்கை மறுக்கவில்லை. டான் கில்பர்ட் 2010-லேயே, ஊர் இருட்டாக இருந்த காலத்தில், தன் அடமானக் கடன் நிறுவனத்தை டவுன்டவுனுக்குக் கொண்டுவந்தார். துணிச்சல்தான். கட்டடங்கள் மலிவாகக் கிடைத்த காலம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1988-ல் கடைசி ரயில் போன பிறகு பாழடைந்து கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் ஸ்டேஷனை ஃபோர்ட் 2018-ல் வாங்கி, 2024-ல் திறந்தது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. அங்கிருந்து நாலைந்து மைல் தள்ளிப் போனால் மறுபடியும் காலி மனைகள் வரிசையாக வரும், அது வேறு விஷயம்.

அந்த மனைகளுக்கு நடுவே இருப்பவர்கள்தான் எனக்கு உண்மையான தலைவர்கள். தெருச் சங்கம் வைத்திருப்பார்கள், ஆள் இல்லாத வீட்டின் புல்லைத் தங்கள் காசில் பெட்ரோல் போட்டு வெட்டுவார்கள். பக்கத்துக் காலி மனையை நகர நில வங்கியிடம், அதாவது ஆளில்லாத மனைகளையும் வீடுகளையும் கையில் வைத்து விற்கிற பொது அமைப்பிடம், 100 டாலருக்கு வாங்கித் தோட்டம் போடுவார்கள். என்னோடு பட்டறையில் தைத்த ஒரு பெரியம்மாவின் பக்கத்து வீடு ஆறேழு வருஷம் காலியாகக் கிடந்தது. தினமும் சாயங்காலம் தன் காரை அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். பனி விழுந்தால் அங்கேயும் பாதை தள்ளிவிடுவார். ஆள் இருக்கிற வீடு போலத் தெரிந்தால் செம்புக் குழாயைப் பிடுங்க வருகிறவர்களும் தீ வைக்கிறவர்களும் கிட்டே வரமாட்டார்கள் என்பதுதான் கணக்கு.

2023-ல், 1957-க்குப் பிறகு முதல் தடவையாக டெட்ராய்ட்டின் மக்கள்தொகை கூடியதாகக் கணக்கு வந்தது. அந்த வீட்டுக்கும் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி குடிவந்துவிட்டார்கள். பெரியம்மாவைப் பார்த்து சந்தோஷம்தானே என்றேன். சந்தோஷம்தான், இனி காரை எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை என்றார்.