மூத்தவளுக்கு அழுத்த ஓமோன் கூடுதலா?

கேள்வி: எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகளுக்கு 17 வயது, அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். மகனுக்கு 13, கடைக்குட்டிக்கு 8. கணவர் நான்கு வருடமாகக் கட்டாரில் இருக்கிறார். நான் வீட்டிலிருந்தே தையல் தைக்கிறேன். சில மாதங்களாக மூத்தவள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். இரவில் ஒழுங்கான நித்திரையும் இல்லை. ஏனென்று கேட்டால், கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டி, “மூத்த புள்ளைகளுக்குப் பொறக்கக்குள்ளயே கோர்ட்டிசோல் கூடவாம், விஞ்ஞானிகள் நிரூபிச்சிட்டாங்களாம், அதான் நான் இப்படி” என்கிறாள். அந்த ஓமோனை இரத்தத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் பிடிவாதம் பிடிக்கிறாள். விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிப்பவள், தம்பியை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போவதும் இராச்சோறு ஆக்குவதும் அவள்தான். அவள் சொல்வது உண்மையா? சோதிப்பது நல்லதா?
— ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் முதலில் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். மூத்தவராகப் பிறந்த ஒரே காரணத்தால் ஒருவருடைய உடலில் கோர்ட்டிசோல் கூடுதலாக இருக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை அல்ல. அந்த எண்ணுக்காக மகளின் இரத்தத்தைச் சோதிக்கவும் வேண்டாம். ஆனால் மகளுக்கு நித்திரை இல்லை என்பது உண்மை. அதை இந்தப் பதிலின் கடைசியில் தனியாகப் பேசுகிறேன். அதற்கு முன், இப்படியொரு காணொளியை எப்படி எடைபோடுவது என்று தாயும் மகளும் சேர்ந்திருந்து வாசிக்கும்படி எழுதுகிறேன். உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு இது விளங்கும்.

கோர்ட்டிசோல் என்பது சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பியின் வெளிப்பகுதியில் உண்டாகும் ஓமோன். மூளை கபச்சுரப்பிக்குச் சைகை கொடுக்க, கபச்சுரப்பி அதிரீனலுக்குச் சைகை கொடுக்கிறது. ‘அழுத்த ஓமோன்’ என்ற பெயர் அதற்குப் பாதிதான் பொருந்தும், ஏனென்றால் எந்தக் கவலையும் இல்லாத மனிதருக்கும் இரத்தத்தில் சீனியின் அளவையும் குருதியமுக்கத்தையும் நிலைநிறுத்த அது நாள்தோறும் தேவை. அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. விடியற்புறத்தில் அதன் அளவு ஏறத் தொடங்கும். கண் விழித்து 30 முதல் 45 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொடும். பிறகு படிப்படியாக இறங்கி, நள்ளிரவையொட்டி ஆகக் குறைந்த நிலைக்கு வரும். ஒரே பிள்ளையிடம் ஒரே நாளில் காலையில் எடுத்த அளவு, இரவில் எடுத்ததைப்போலப் பல மடங்காக இருக்கலாம், அதில் நோய் எதுவும் இல்லை.

அதனால்தான் இதைக் கவனமாக ஆராய்பவர்கள் ஊசி குத்துவதை விட உமிழ்நீரைச் சேகரிப்பதையே விரும்புகிறார்கள், ஊசிக்குப் பயந்தாலே அளவு ஏறிவிடக்கூடும் அல்லவா. பிள்ளை கண் விழித்தவுடன், பல் துலக்காமல், தேநீர் குடிக்காமல், சிறிய பஞ்சுச் சுருள் ஒன்றை வாயில் வைத்து ஊறவிட்டு எடுத்துக் குழாயில் போட்டு, நேரத்தையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அரை மணித்தியாலம் கழித்து இன்னொன்று, மாலையில் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. ஒரு நாள் எடுத்தாலும் போதாது, பல நாட்கள் எடுக்க வேண்டும். விழித்து இருபது நிமிடம் படுக்கையிலேயே புரண்டுவிட்டு ‘இப்போதுதான் எழும்பினேன்’ என்று ஒரு பிள்ளை எழுதிவிட்டால் அன்றைய கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். முதல்நாள் இரவு எத்தனை மணிக்குப் படுத்தாள், சளிக்கோ இழுப்புக்கோ ஸ்டீரொயிட் மருந்து எடுக்கிறாளா என்பவையும் அளவை மாற்றும். முகத்துவாரம் மூடிக் கிடக்கும் ஒரு நாளில் வாவியின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு ‘மட்டக்களப்பு வாவியின் ஆழம் இவ்வளவு’ என்று ஒருவர் எழுதினால் நாம் ஏற்போமா? ஒரு தடவை எடுத்த கோர்ட்டிசோல் எண்ணும் அப்படிப்பட்டதுதான். இரத்தத்தில் அதைச் சோதிக்க வைத்தியர்கள் சொல்வது அடிசன் நோய், குசிங் நோய் போன்ற சுரப்பிக் கோளாறுகளைச் சந்தேகிக்கும்போது. ஒருவர் எவ்வளவு மனப்பாரம் சுமக்கிறார் என்று பார்ப்பதற்காக அல்ல.

அளந்த முறை சரியாகவே இருந்தாலும், யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்ற கேள்வி அடுத்து வரும். என்னைக் கேட்டால் இதுதான் முதன்மையான கேள்வி. உங்கள் வீட்டையே எடுங்கள். நாளைக் காலை மூன்று பிள்ளைகளின் உமிழ்நீரையும் எடுத்து மூத்தவளுக்குக் கூட என்று கண்டால், அது மூத்தவள் என்பதாலா, 17 வயது என்பதாலா? பருவமடைந்த பிள்ளையின் ஓமோன்களை 8 வயதுக் குழந்தையின் ஓமோன்களோடு ஒப்பிட முடியாது. கடைக்குட்டிக்கு 17 ஆகும்வரை காத்திருந்து ஒப்பிடலாம் என்றால், இன்னும் ஒன்பது வருடத்தில் உங்கள் வீடு இதே வீடாக இருக்காது: தகப்பன் திரும்பி வந்திருப்பார், கடன் அடைந்திருக்கும், மூத்தவள் வேலைக்குப் போயிருப்பாள். வீட்டுக்கு வீடு ஒப்பிட்டாலும் சிக்கல் தீராது. ஐந்து பிள்ளைகளுள்ள குடும்பத்தில்தான் ‘ஐந்தாவது பிள்ளை’ இருக்க முடியும். ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்திய குடும்பங்களிலும் மூத்தவர் இருப்பார். ஆகவே மூத்தவர்களையும் ஐந்தாமவர்களையும் அப்படியே எடுத்து ஒப்பிடும் ஆய்வு, தனக்குத் தெரியாமலே சிறிய குடும்பங்களையும் பெரிய குடும்பங்களையும், பெரும்பாலும் வசதியையும் வறுமையையும் ஒப்பிட்டுவிடுகிறது.

நம் மாவட்டங்களில் இன்னொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். திருக்கோவில் கரையில் ஒரு வீட்டில் மூத்த பிள்ளை 1995 இல் பிறந்தது, கடைசிப் பிள்ளை 2006 இல் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் கடல் உள்ளே வந்தபோது மூத்ததற்கு வயது ஒன்பது; அது எதைப் பார்த்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கடைசிப் பிள்ளை அப்போது பிறக்கவே இல்லை. யுத்தம் முடிந்த 2009 இல் அதற்கு மூன்று வயது. இந்த இருவரையும் அளந்து, மூத்தவருக்கு அழுத்தம் கூட என்று கண்டு, அதைப் ‘பிறப்பு வரிசையின் விளைவு’ என்று ஓர் ஆய்வாளர் எழுதினால், ஒரு தலைமுறையின் துயரத்தை அவர் ஒரு வரிசை எண்ணாகச் சுருக்கிவிடுகிறார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பிறப்பு வரிசை பற்றிய எண்ணம் பழையது. 1874 இலேயே இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ற்றன், பெயர்பெற்ற விஞ்ஞானிகளில் மூத்த ஆண்பிள்ளைகள் எதிர்பார்ப்புக்கு மேலாக இருப்பதாக எழுதினார். பின்னர் வியன்னாவின் அல்பிரட் அட்லர் மூத்தவர், நடுவிலவர், கடைசியவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குணத்தை வகுத்துக் கொடுத்தார். இன்று காணொளிகளில் வலம்வருவது பெரும்பாலும் அதன் மிச்சம். 1983 இல் சுவிற்சர்லாந்தின் செசில் ஏர்ன்ஸ்ற், யூல்ஸ் ஆங்ஸ்ற் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, குடும்ப அளவையும் வசதியையும் கணக்கில் எடுத்தால் குணத்தில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் மிஞ்சுவதில்லை என்றார்கள். 2015 இல் அமெரிக்காவின் சுமார் 377,000 உயர்பாடசாலை மாணவர்களை வைத்து நடந்த ஆய்வில், பிறப்பு வரிசைக்கும் குணத்துக்கும் இடையிலான தொடர்பு சராசரியாக 0.02 (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1). மகளிடம் கேளுங்கள், அதை வர்க்கித்துச் சொல்வாள்: மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டை 10,000 பங்காக்கினால் அதில் நான்கு பங்கு. அதே வருடம் அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனி ஆகிய நாடுகளில் 20,000 பேருக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்தவர்களும் மனநிலையின் உறுதியில் மூத்தவர், இளையவர் என்ற பேதத்தைக் காணவில்லை.

நுண்ணறிவுச் சோதனையில் மட்டும் மூத்தவர்களுக்கு ஒரு சிறிய கூடுதல் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அது ஓமோன் பற்றியது இல்லையென்றாலும், உங்கள் மகள் சொன்ன ‘பொறக்கக்குள்ளயே’ என்ற சொல்லைச் சோதிக்க அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நோர்வேயில் கட்டாய இராணுவ சேவைக்கு வந்த சுமார் 240,000 இளைஞர்களின் புள்ளிகளைக் கிறிஸ்ரென்சன், பியெர்க்கெடால் என்ற இரு ஆய்வாளர்கள் 2007 இல் ஒப்பிட்டார்கள். மூத்தவர்கள் இரண்டாமவர்களை விடச் சராசரியாகச் சுமார் 2.3 புள்ளிகள் கூடப் பெற்றிருந்தார்கள். பிறகு அவர்கள் ஒரு சிறு கூட்டத்தைத் தனியே எடுத்தார்கள்: இரண்டாவதாகப் பிறந்து, மூத்த பிள்ளை சிறு வயதிலேயே இறந்துபோனதால் வீட்டில் மூத்தவராக வளர்ந்தவர்கள். காரணம் கருப்பையில் நடந்ததென்றால் இவர்களின் புள்ளிகள் மற்ற இரண்டாமவர்களுடையதைப் போலவே இருந்திருக்க வேண்டும். ஆனால் அவை மூத்தவர்களுடைய புள்ளிகளை ஒத்திருந்தன. பிறந்த வரிசையை விட, வீட்டில் எந்த இடத்தில் நின்று வளர்ந்தார்கள் என்பதே அங்கே பேசியது. கடலுக்கும் யுத்தத்துக்கும் மூத்த பிள்ளையைக் கொடுத்துவிட்டு, இரண்டாவது பிள்ளையை மூத்ததாக வளர்த்த தாய்மார் நம் பக்கத்தில் எத்தனை பேர். அவர்களுக்கு இந்த முடிவை யாரும் விளக்கத் தேவையில்லை.

அதற்காக நோர்வேயின் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. அவர்கள் எல்லாரும் ஆண்கள். நம் பக்கத்தில் ‘மூத்தவள்’ என்ற சொல்லுக்குள் வேறொரு வாழ்க்கையே இருக்கிறது. தாய்வீடு மூத்த மகளுக்குச் சீதனமாகப் போகும். தாயும் தகப்பனும் அதே வளவில் இன்னொன்றைக் கட்டி அடுத்த மகளுக்கு ஆயத்தமாவார்கள். தாய் வெளிநாடு போனால் சின்னதுகளுக்குத் தாயாவதும் மூத்தவள்தான். இதில் பாரமும் உண்டு, மதிப்பும் உண்டு. வேறொரு நாட்டுப் பிள்ளைகளின் சராசரி இதற்குள் புகுந்து பார்க்காது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். மூத்தவருக்குக் கோர்ட்டிசோல் கூட என்று வந்தால் ‘பொறுப்பு அதிகம், அதனால்’ என்பார்கள். கடைசிப் பிள்ளைக்குக் கூட என்று வந்தால் ‘எல்லாருக்கும் கீழே இருப்பதால்’ என்பார்கள். எந்த முடிவு வந்தாலும் பொருந்திப்போகும் விளக்கம் ஒன்றையும் விளக்குவதில்லை. அதோடு, காலை, பகல், மாலை, இரவு என்றும், ஆண், பெண் என்றும், மூத்தவர், நடுவிலவர், கடைசியவர் என்றும் பிரித்துப் பிரித்து 20 ஒப்பீடுகள் செய்தால், உண்மையில் ஒரு வேறுபாடும் இல்லாவிட்டாலும், வழக்கமான 5 வீத அளவுகோலின்படி (வெறும் தற்செயலால் ஒரு வேறுபாடு தோன்றிவிட 100 இல் 5 தடவைவரை இடம்கொடுக்கும் அளவுகோல்) ஒன்றாவது ‘கண்டுபிடிப்பு’ போலத் தோன்றுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 வீதம். அந்த ஒன்றைத்தான் காணொளி காட்டும், மற்றப் பத்தொன்பதையும் யாரும் காட்ட மாட்டார்கள். ஆகவே எத்தனை பேரை அளந்தார்கள், எத்தனை தடவை, வேறொரு குழு திரும்பச் செய்து அதே முடிவைக் கண்டதா என்று மகளைக் கேட்கப் பழக்குங்கள்.

கோர்ட்டிசோல் எதற்கு ஏறும் என்பதை நெடுங்காலம் இருந்து பார்த்த ஆய்வும் உண்டு. கரிபியன் கடலின் டொமினிக்காத் தீவில் ஒரு கிராமத்தில், மார்க் ஃப்ளின் என்ற மானிடவியலாளர் 1988 இலிருந்து பல வருடங்கள், அதே பிள்ளைகளின் உமிழ்நீரைத் திரும்பத் திரும்பச் சேகரித்து, அன்றன்று அவர்களின் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் குறித்துவந்தார். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாமல், அதே பிள்ளையின் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடிந்ததுதான் அதன் பலம். வீட்டில் சண்டையும் மனக்கசப்பும் வந்த நாட்களில் பிள்ளைகளின் கோர்ட்டிசோல் ஏறியது.

இனி உங்கள் மகள். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் மூன்று தடவை வாசித்தேன்: விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிப்பு, தம்பியை வகுப்புக்குக் கூட்டிப்போவது, இராச்சோறு. இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதுப் பிள்ளைக்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும். ஓமோனைப் பற்றி அவள் சொன்னது பிழையாக இருந்தாலும், ‘என்னால் முடியவில்லை’ என்று உங்களிடம் சொல்வதற்கு அவளுக்குக் கிடைத்த மொழி அதுதான். மற்ற எந்தக் காரணத்தைச் சொன்னாலும் தாயைக் குற்றம் சொன்னதாகிவிடும் என்று அவள் பயந்திருக்கலாம். ஆகவே ‘காணொளி பொய்’ என்று தொடங்காதீர்கள். முதலில் வேலையைப் பிரியுங்கள். 13 வயது மகன் தன் சைக்கிளில் தானே வகுப்புக்குப் போகலாம், அரிசி களையவும் பழகலாம். பரீட்சை முடியும்வரை இராச்சோறு அவளுடைய பொறுப்பு இல்லை என்று, கணவர் தொலைபேசியில் பேசும்போது, எல்லாப் பிள்ளைகளின் முன்னும் சொல்லிவிடுங்கள்.

அவளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, இரண்டு வாரத்துக்குப் படுத்த நேரம், எழும்பிய நேரம், அன்று மனம் எப்படி இருந்தது என்ற மூன்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஆராய்ச்சி என்றால் அவளுக்குப் பிடிக்கும் போலத் தெரிகிறது, தன்னைத் தானே அளந்து பார்க்கட்டும். வேலை குறைந்த பிறகும் நித்திரை வராவிட்டால், சாப்பாட்டில் விருப்பம் போனால் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. உயிர் வாழப் பிடிக்கவில்லை என்பது போல ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். போகும்போது அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த நேரத்தில் எடுத்ததென்று தெரியாத ஒரு கோர்ட்டிசோல் எண்ணை விட, அதிலுள்ள பதினாலு வரிகள் வைத்தியருக்கு உதவும்.