ராணுவம் இல்லாத கோஸ்டாரிகாவில் குடும்பத்தோடு வாழலாமா?

தம்பி, தலைநகர் சான் ஹோசேயில் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் படையே இல்லாத நாட்டுக்கு மனைவி, குழந்தையோடு எப்படி வருவது, பக்கத்து நாட்டுக்காரன் புகுந்தால் யார் தடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாருங்கள். இங்கே கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு.

1948-இல் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, வென்ற தரப்பின் தலைவர் ஹோசே ஃபிகெரெஸ் ராணுவத்தைக் கலைத்தார். டிசம்பர் 1 அன்று பெய்யாவிஸ்தா படைமுகாமின் சுவரைச் சம்மட்டியால் அடித்து அதை அறிவித்தார். அந்த முகாம் இன்று தேசிய அருங்காட்சியகம். குண்டு துளைத்த தழும்புகள் அதன் சுவரில் இன்னும் இருக்கின்றன. குழந்தைக்கு அவசியம் காட்டுங்கள்.

பக்கத்து நாடு புகுந்ததும் உண்டு. 2010-இல் நிகராகுவா வீரர்கள் எல்லையோர சான் ஹுவான் ஆற்று முகத்துவாரச் சதுப்பு நிலத்தில் இறங்கினார்கள். கோஸ்டாரிகா போலீசாரை எல்லைக்கு அனுப்பியது, வழக்கை ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. நிலம் கோஸ்டாரிகாவுக்கே சொந்தம் என்று 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2018-இல் நிகராகுவா இழப்பீடும் கட்டியது. ஐந்து வருடம் இழுத்த வழக்குதான். ஆனால் ஒரு தாயும் பிள்ளையைப் பறிகொடுக்கவில்லை. எனக்கு இந்த நாட்டின் மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

எல்லை தாண்டி வரும் உண்மையான ஆபத்து கொகெய்ன். கொலம்பியாவிலிருந்து படகுகளில் வந்து இறங்குகிறது. மோயின் துறைமுகத்தில் வாழை, அன்னாசி ஏற்றும் கன்டெய்னர்களுக்குள் பதுங்கி ஐரோப்பாவுக்குப் போகிறது. அந்த வழிக்காகக் கும்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்கின்றன. ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர் வாழும் நாட்டில் 2023-இல் மட்டும் 900-க்கும் மேற்பட்ட கொலைகள். அதுவரை காணாத எண்ணிக்கை. ராணுவத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்கமாட்டேன். மெக்சிகோ 2006 முதல் படையை இறக்கியும் அங்கே கொலைகள் பெருகத்தானே செய்தன? இங்கே தேவை கூடுதல் போலீஸ், கடலோரக் காவல் படகுகள், மோயின் துறைமுகம் இருக்கும் லிமோன் பகுதி இளைஞர்களுக்குப் படிப்பும் வேலையும்.

வீடு பார்க்கும்போது எல்லா ஜன்னலிலும் இரும்புக் கம்பி, மதில்மேல் முள்கம்பிச் சுருள், தெருமுனையில் காவலாளியின் சிறு கூண்டு இருக்கும். மிரண்டுவிடாதீர்கள், நல்ல பேட்டைகளிலும் அப்படித்தான். காவலாளிக்குத் தெருக்காரர்கள் சேர்ந்து மாதப் பணம் கொடுப்பது வழக்கம், நீங்களும் கொடுங்கள். இருட்டிய பிறகு நகர மையத்தில் நடந்து திரிய வேண்டாம். எல்லைப் பக்கம் போகும் பஸ்களை போலீசார் நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்கள், எப்போதும் கையில் வைத்திருங்கள். அவசரத்துக்கு எண் 911.