என்டோலா வரை விலை சொல்லலாமா, தார் எஸ் சலாமோடு நிறுத்தலாமா?

கேள்வி: கோவையில் சப்மெர்சிபிள் பம்ப் தயாரிக்கிறோம். ஜாம்பியாவின் என்டோலா நகரிலிருந்து ஒரு கன்டெய்னர் ஆர்டர் வந்திருக்கிறது. தன் கிடங்கு வாசல் வரை சேர்த்து ஒரே விலையாகக் கேட்கிறார் வாங்குபவர். தார் எஸ் சலாம் வழியா, டர்பன் வழியா? லோபிட்டோ ரயில் பற்றியும் பேசுகிறார்களே, அது நமக்கு உதவுமா?

பதில்: தார் எஸ் சலாம் வழியாக அனுப்புங்கள். விலையை அந்தத் துறைமுகம் வரை, சி.ஐ.எஃப். கணக்கில், அதாவது சரக்கு விலை, இன்சூரன்ஸ், கப்பல் கட்டணம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாசல் வரை பொறுப்பேற்கும் டி.ஏ.பி. முதல் ஆர்டரிலேயே வேண்டாம்.

கடல் கட்டணம் புக்கிங் போடும்போதே தெரிந்துவிடும். இழுத்தடிப்பது தரைவழிதான். தார் எஸ் சலாமிலிருந்து என்டோலாவுக்குச் சாலையில் ஏறக்குறைய 1,900 கி.மீ. நடுவில் துண்டுமா–நகோண்டே எல்லை. அங்கே வண்டி நிற்கும் நாளுக்கெல்லாம் லாரிக்காரர் காத்திருப்புக் கூலி கேட்பார். அதே நாட்களுக்குக் கப்பல் கம்பெனியின் டிடென்ஷனும், அதாவது கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்புவதற்கான கட்டணமும் ஓடும். டி.ஏ.பி.யில் இறக்குமதி வரி கட்டிச் சரக்கை விடுவிப்பது வாங்குபவர் வேலை என்றுதான் விதி. ஆனால் அவர் வரிப்பணம் புரட்டத் தாமதித்தால், லாரிக்காரர் பில்லை அவருக்கா அனுப்புவார்? வண்டி பிடித்தவர் நீங்கள், பில்லும் உங்களுக்குத்தான் வரும்.

லாரி வாடகையையும் நம்மால் முன்கூட்டி நிர்ணயிக்க முடியாது. அதை நிர்ணயிப்பது செம்பு. ஜாம்பியாவிலும் பக்கத்து காங்கோவின் லுபும்பாஷி, கோல்வேசி பகுதியிலும் வெட்டும் செம்பை ஏற்றிக்கொண்டு லாரிகள் துறைமுகத்துக்கு வருகின்றன. திரும்பும்போது காலியாகப் போகாமல் நம் மாதிரி இறக்குமதிச் சரக்கை ஏற்றுகின்றன. செம்பு ஓட்டம் தடைபட்டால் திரும்பும் வண்டியும் குறையும், வாடகை ஏறும். 2024 ஆகஸ்டில் குளிர்பானம், பீர் இறக்குமதிக்குக் காங்கோ தடை போட்ட தகராறில், ஜாம்பியா தன் காங்கோ எல்லைச் சாவடிகளைச் சில நாட்கள் மூடியது. அந்த எல்லையில் உள்ள கசும்பலேசா சாவடியில் அப்படி வண்டிகள் முடங்கினால் என்டோலாவுக்குப் போகும் பம்புக்கும் வாடகை மாறும். பீருக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், கடலில்லாத நாட்டு வியாபாரம் இப்படித்தான்.

டர்பன் பெரிய துறைமுகம், கப்பல்களும் அதிகம். ஆனால் தரைவழி இன்னும் நீளம், எல்லைகளும் கூடுதல். பெய்ட்பிரிட்ஜ், சிருண்டு எல்லைச் சாவடிகள் வழியாக ஜிம்பாப்வேயைக் கடக்க வேண்டும். இல்லையென்றால் போட்ஸ்வானா வழியாக வந்து, 2021-இல் திறந்த 923 மீட்டர் கசுங்குலா பாலத்தில் ஜாம்பேசி ஆற்றைத் தாண்ட வேண்டும். இந்தியாவிலிருந்து போகும் சரக்குக்கு இந்தச் சுற்று தேவையில்லை.

லோபிட்டோ ரயில் உண்மைதான். அங்கோலாவில் உள்நாட்டுப் போரால் சிதைந்த பாதையைச் செப்பனிட்டு, 2023-இல் ஒரு தனியார் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் லோபிட்டோ இருப்பது அட்லான்டிக் கரையில், பாதை போவதோ காங்கோ பக்கம். ஜாம்பியாவுக்குள் வரும் கிளை இன்னும் திட்டமாகவே இருக்கிறது. செம்பு மேற்கே போவதற்கு அது நல்லது, உங்கள் பம்புக்கு அல்ல. 1970-களில் சீன உதவியில் கட்டிய 1,860 கி.மீ. தசாரா ரயில் தார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் கபிரி ம்போஷி வரை வருகிறது. அதைப் புதுப்பிக்க இப்போது சீன நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. வேலை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

சரி, சி.ஐ.எஃப். என்று முடிவானதும் பி.எல்.லை, அதாவது கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதை உற்றுப் பாருங்கள். இறக்கும் துறைமுகம் தார் எஸ் சலாம் என்று மட்டும் இருந்தால் போதாது. சரக்கு தான்சானியாவைக் கடந்து ஜாம்பியாவுக்கு டிரான்சிட்டில் போகிறது, மேற்கொண்டு ஆகும் செலவும் பொறுப்பும் பெறுபவருடையது என்ற வரி அதில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தான்சானியாவுக்கே வந்த சரக்காகக் கணக்கில் ஏறும். மேனிஃபெஸ்ட் என்ற கப்பல் சரக்குப் பட்டியலைத் திருத்தக் கட்டணமும் கட்டி, நாட்களையும் இழக்க வேண்டிவரும். சரக்கு வந்ததும் தகவல் பெறுபவரைக் குறிக்கும் நோட்டிஃபை பார்ட்டி இடத்தில் வாங்குபவரின் தார் எஸ் சலாம் கிளியரிங் ஏஜென்ட் பெயரைப் போடுங்கள். சரக்கு நாட்டைக் கடந்து போகும் என்று சுங்கத்துக்குக் கொடுக்கும் உத்தரவாதமான டிரான்சிட் பாண்டை எடுப்பது அவர்தான்.

கன்டெய்னர் என்டோலா போய்க் காலியாகத் துறைமுகம் திரும்ப வேண்டும். அதனால் டிடென்ஷன் இல்லாமல் கன்டெய்னரை வைத்திருக்கும் ஃப்ரீ டேஸை புக்கிங்குக்கு முன்பே கூட்டிக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். துறைமுகத்திலேயே பிரித்து லாரியில் மாற்றினால் டிடென்ஷன் மிச்சம்தான். ஆனால் மோட்டார் அடிபடும், கேபிள் காணாமல் போகும். பாதுகாப்பான மரப்பெட்டி இல்லாமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள். மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரையும் பெட்டியில் இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் பாலிசியில் சேரும் இடமாக என்டோலா கிடங்கையே எழுதுங்கள். வழக்கமான பாலிசி, கடைசித் துறைமுகத்தில் இறக்கி 60 நாள் ஆனதும் காலாவதியாகும். எல்லையில் வண்டி தேங்கும் நாட்களையும் கூட்டிப் பாருங்கள், 60 நாள் பெரிய அவகாசமில்லை.

பண விஷயத்தில் தாராளம் வேண்டாம். 2020 நவம்பரில் ஜாம்பியா வெளிநாட்டுக் கடன் பத்திரத் தவணையையே கட்டாமல் விட்ட நாடு. கன்ஃபர்ம்டு எல்.சி., அதாவது அவருடைய வங்கியோடு இன்னொரு வங்கியும் பணத்துக்கு உறுதி தரும் கடன் கடிதம் கேளுங்கள். அவர் அதற்கு மசியாவிட்டால் முன்பணம் வாங்கிக்கொண்டு, மீதி வந்த பிறகே ஒரிஜினல் பி.எல்.லைக் கொடுங்கள். கடனுக்குத்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், பணம் வராமல் போனால் ஈடு தரும் அரசு நிறுவனமான ஈ.சி.ஜி.சி.யின் பாலிசி கைக்கு வரும்வரை கன்டெய்னரை ஃபேக்டரியை விட்டுக் கிளப்பாதீர்கள்.