ஹாலோவீன் மாலை – கடிதமும் பதிலும்

வணக்கம்.

மதுரையிலிருந்து நியூஜெர்சிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. இது எங்களுக்கு முதல் ஹாலோவீன். அக்டோபர் 31 மாலையில் பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் பண்டிகை இது. மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று. தெருப் பிள்ளைகளோடு தானும் வீடு வீடாகப் போக வேண்டும் என்று மகன் பேட்மேன் உடை கேட்கிறான். மிட்டாய்க்குள் பிளேடு இருக்கும், விஷம் இருக்கும், இப்போது கஞ்சாவும் கலந்து கொடுக்கிறார்கள் என்று குடும்ப வாட்ஸப் குழுவில் பயமுறுத்துகிறார்கள். போதாததற்கு அவனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, ஒவ்வாமை முற்றினால் உடனே குத்தும் எபிபென் ஊசி வைத்திருக்கிறோம். இந்த வருஷம் அனுப்பாமல் இருந்துவிடலாமா?

– ஒரு வாசகி, நியூஜெர்சி

அன்புள்ள சகோதரிக்கு,

தனியே அனுப்ப வேண்டாம். நீங்களும் கணவரும் கூடவே போங்கள். மகள் சீக்கிரம் களைத்துவிடுவாள். ஒருவர் அவளைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்ப, மற்றவர் மகனோடு தொடரலாம்.

முதலில் விஷ மிட்டாய் பயம். டெலாவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதல் வந்த இத்தகைய செய்திகளைப் பல ஆண்டுகளாகத் துருவி ஆராய்ந்தவர். முன்பின் தெரியாதவர் கொடுத்த நஞ்சு கலந்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாகவோ பெரும் பாதிப்புக்கு உள்ளானதாகவோ உறுதியான ஒரு நிகழ்வுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் சயனைடு கலந்த மிட்டாயைத் தின்று ஒரு சிறுவன் இறந்தான். கொடுத்தது அவனுடைய சொந்தத் தகப்பன், காப்பீட்டுப் பணத்துக்காக. கஞ்சா மிட்டாய் விஷயத்திலும் அஞ்ச வேண்டியது அயல் வீட்டை அல்ல. விலை கொடுத்து வாங்கியதை யாரும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுப்பதில்லை. பெரியவர்கள் தங்களுக்கென்று வாங்கி மேசையில் விட்டுவைப்பதைத்தான் குழந்தைகள் சாதாரண மிட்டாய் என்று நினைத்துத் தின்றுவிடுகிறார்கள். விருந்துக்குப் போகும் வீட்டில் கவனம் தேவை. சந்தேகம் வந்தால் நச்சு உதவி மையத்தை 1-800-222-1222 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம்.

உண்மையான ஆபத்து சாலையில் இருக்கிறது. 1975 முதல் 2016 வரையிலான 42 ஆண்டுகளின் அமெரிக்க விபத்துப் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்தது. முந்தைய வாரத்திலும் அடுத்த வாரத்திலும் அதே கிழமையின் மாலையோடு ஒப்பிட்டால், ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் 43 சதவீதம் கூடுதல். நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது பத்து மடங்கு. உங்கள் மகன் அந்த வயதில்தான் இருக்கிறான். அபாயம் உச்சத்துக்குப் போவது மாலை ஆறு மணி வாக்கில். அன்று உங்கள் பகுதியில் சூரியன் மறைவதும் ஆறுக்குச் சற்று முன்னால்தான். அலுவலகம் விட்டு எல்லோரும் காரில் திரும்பும் நேரமும் அதுவே. ஆகவே ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். பல ஊர்களில் நகராட்சியே நேரம் குறித்து அறிவிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 25 மைலில் வரும் கார் நொடிக்குச் சுமார் 11 மீட்டர் ஓடும். பிள்ளையைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆனால், அதற்குள்ளேயே 17 மீட்டர் போயிருக்கும். நிற்க இன்னும் 9 மீட்டராவது வேண்டும். நிறுத்திய இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து பிள்ளை எட்டிப் பார்த்தால் அந்தத் தூரம் கிடைக்காது. தெருவின் ஒரு பக்கத்து வீடுகளை முழுவதும் முடித்து, முனையில் கையைப் பிடித்துக் கடந்து, மறுபக்கமாகத் திரும்புங்கள். எதிர்வீட்டில் பெரிய சாக்லேட் கொடுக்கிறார்கள் என்று கேட்டதும் பிள்ளைகள் குறுக்கே பாய்வார்கள். இந்த ஒரு விதியைக் கிளம்புமுன் மகனிடமே சொல்ல வைத்துக் கேளுங்கள். வாசல் விளக்கு எரியாத வீட்டுக்குப் போக வேண்டாம். வர வேண்டாம் என்பதற்கு அதுதான் அடையாளம். காரில் பின்தொடரவும் வேண்டாம், அது தெருவில் இன்னொரு கார்.

பேட்மேன் உடையில் வேலை கொஞ்சம் இருக்கிறது. கறுப்புத் துணி இருட்டில் கரைந்துவிடும். ஒளியை எதிரொளிக்கும் நாடா வாங்கி மணிக்கட்டு, கணுக்கால், மிட்டாய்ப் பையின் இரு பக்கம் எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். அசையும் கைகால்களில் ஒட்டினால், நடப்பது மனிதன் என்று ஓட்டுநருக்குச் சட்டெனத் தெரியும். முதுகில் மட்டும் ஒட்டினால் குப்பைத்தொட்டியா பிள்ளையா என்று புரியாது. முதுகுக்கும் ஒட்டுவதானால் மேலங்கியின் மீதே ஒட்டுங்கள், அதற்கு அடியில் ஒட்டிப் பயனில்லை. மேலங்கியை முழங்கால் அளவுக்கு வெட்டி, கழுத்து முடிச்சை எடுத்துவிட்டு வெல்க்ரோ வையுங்கள். எங்கேனும் மாட்டினால் கழன்றுவிடும். வாசற்படிகளில் பூசணிக்காய்க்குள் மெழுகுவர்த்தி எரியும், தரையில் புரளும் துணி அதில் பட்டால் பற்றிக்கொள்ளும். முகமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை தீட்டினால் போதும்; முந்தின நாள் முழங்கையின் உட்புறம் தடவி, அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். இரவில் 10 டிகிரி வரை குளிரும், உள்ளே தெர்மல் (குளிர் தாங்கும் உள்ளுடை) போட வேண்டும், எனவே ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். காலில் அவனுடைய பழகிய ஷூ.

இனி ஒவ்வாமை. வீடு வந்து சேரும்வரை ஒன்றும் வாயில் போடக் கூடாது. பசிக்காமலிருக்கக் கிளம்புமுன் இட்லியோ தோசையோ கொடுங்கள். சின்னப் பொட்டலங்கள் பலவற்றில் சேர்மானப் பட்டியல் இருக்காது, வெளிப் பையில் மட்டும் இருக்கும். வழக்கமாகத் தின்னும் அதே மிட்டாயின் சின்ன அளவு வேறு ஆலையில் தயாராகியிருக்கலாம், சேர்மானமும் மாறலாம். பட்டியல் இல்லாததை விலக்கிவிடுங்கள். பழகிய மூன்று நான்கு வீடுகளில் அவனுக்கான மிட்டாயை முன்கூட்டியே கொடுத்துவைத்தால் அவன் முகம் வாடாது. நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணிக்காய் இருக்கும் வீட்டில் மிட்டாய் அல்லாத சின்னப் பொம்மை, ஸ்டிக்கர் போன்றவையும் கிடைக்கும்.

எபிபென் இரண்டும் உங்கள் இடுப்புப் பையில், ஜாக்கெட்டுக்குள் இருக்கட்டும். காரில் வைத்தால் குளிர்ந்துவிடும். சாதாரணத் துணிக்கு மேலேயே தொடையின் வெளிப்புறத்தில் குத்தலாம். ஆனால் பஞ்சு வைத்துத் தைத்த உடையில் ஊசி தசைக்கு எட்டாமல் போகலாம். தொடையில் பஞ்சு இல்லாத உடையாகப் பார்த்து வாங்குங்கள். மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம், தடிப்போடு வாந்தி என்று வந்தால் பெனட்ரில் என்ற ஒவ்வாமை மருந்தைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே எபிபென்னைக் குத்திவிட்டு அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள்.

மகளின் பங்கிலிருந்து கெட்டி மிட்டாய், கம், பாப்கார்ன், கடலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு அவை தொண்டையில் அடைக்கும். நீங்கள் சைவம் என்றால் கம்மி மிட்டாய்களிலும் மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலும் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும், அதையும் அப்போதே பிரித்துவிடலாம்.