வாசகர் கேள்வி பதில்: மிதக்கும் காளையும் பிற கடிதங்களும்

கணினி வழிக் கதாபாத்திர அனிமேஷன் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து மதுரையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சென்னையிலும் ஹைதராபாத்திலும் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில், கண்டதையும் பட்டதையும் மட்டுமே சொல்கிறேன்.

என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அனிமேஷன்தான் படிப்பேன் என்கிறாள். ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் இரண்டு ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். வேலை உறுதி என்று எழுதியும் தருகிறார்களாம். சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, திருமங்கலம்

பணம் கட்டுவதற்கு முன், அந்த நிலையத்தில் சென்ற ஆண்டு படித்து முடித்த மாணவர்களின் ஷோரீல்களை, அதாவது தாங்கள் செய்தவற்றைத் தொகுத்த சிறு காணொளிகளைக் காட்டச் சொல்லுங்கள் ஐயா. வரவேற்பறைத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்; சாதாரண மாணவர்கள் ஐந்து பேருடையதைக் கேட்டுப் பாருங்கள். பாடம் நடத்துபவர் ஏதேனும் ஒரு படத்திலோ கணினி விளையாட்டிலோ ஷாட் (ஒரு காட்சித் துண்டு) செய்தவரா என்பதையும், இரண்டு ஆண்டில் கதாபாத்திர அசைவுக்கு மட்டும் எத்தனை மாதம் ஒதுக்குகிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். மாடலிங், வண்ணம், ஒளியமைப்பு, எடிட்டிங் என்று எல்லாவற்றையும் தொட்டுக் காட்டிவிட்டு, அசைவுக்கு இரண்டே மாதம் கொடுக்கும் பாடத்திட்டங்கள் ஏராளமாக இருக்கின்றன. இரண்டு மாதத்தில் ஓர் அனிமேட்டர் உருவாவதில்லை.

வேலை உறுதி என்ற தாளில் எந்த வேலை என்று எழுதியிருக்கிறதா என்பதை உற்றுப் படியுங்கள். நான் படித்த இடத்திலும் இப்படி ஒரு தாள் கொடுத்தார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கிடைத்தது, நடிகரின் உருவத்தைச் சுற்றி ஃபிரேம் ஃபிரேமாக (ஒவ்வொரு தனிப் படமாக) கோடு வெட்டும் ரோட்டோ வேலை. அதுவும் உழைப்புதான் என்றாலும் நாங்கள் அதற்காகப் படிக்கவில்லை.

அரசு நிறுவனங்களையும் பாருங்கள். சென்னை தரமணியில் உள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷனுக்கும் காட்சி விளைவுகளுக்கும் (வி.எஃப்.எக்ஸ்.) பட்டப்படிப்பு இருக்கிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். பட்டம் பெற்ற பிறகு படிக்க விரும்பினால் மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளி இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளை வீட்டுக் கணினியில் நிறுவிக் கொடுத்து, ஒரு ரப்பர் பந்தும் ஓர் இரும்புக் குண்டும் தரையில் விழுந்து எழுவதை மகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். யாரும் சொல்லாமல் தானாகவே பத்தாவது முறை அதைத் திருத்த உட்காருகிறாளா என்று கவனியுங்கள். உட்கார்ந்தால் தயங்காமல் படிக்க வையுங்கள்.

எனக்கு ஓவியம் வராது. அனிமேஷன் கற்க அது தடையா?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

தடை இல்லை. முப்பரிமாண அனிமேஷனில் பொம்மையை வேறொருவர் செய்து, எலும்பும் மூட்டும் பொருத்தி, ரிக் என்ற பெயரில் உங்கள் கையில் தருவார். அதை அசைப்பதுதான் உங்கள் வேலை. அந்த வகையில் இது ஓவியத்தைவிடப் பொம்மலாட்டத்துக்கே நெருங்கிய தொழில். எனினும் உடல் நிலைகளை ஓரிரு கோட்டில் குறித்துக்கொள்ளப் பழகினால் பேருதவியாக இருக்கும். அடுத்த முறை மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகும்போது கம்பத்தடி மண்டபத்தில் ஊர்த்துவ தாண்டவச் சிற்பத்தின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். ஊன்றிய பாதத்திலிருந்து மேலே தூக்கிய கால் வரை உடல் முழுவதும் எந்த ஒரே கோட்டில் பாய்கிறது என்று தேடி, அந்த ஒரு கோட்டை மட்டும் நோட்டில் இழுத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் தொழிலில் லைன் ஆஃப் ஆக்‌ஷன் என்று சொல்வது அதைத்தான்.

இந்திய அனிமேஷனின் முன்னோடியான ராம் மோகன் படித்தது வேதியியல். 1956இல் மத்திய அரசின் படத் தயாரிப்பு அமைப்பான மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, டிஸ்னியில் பணியாற்றிவிட்டு வந்த கிளேர் வீக்ஸிடம் தொழிலைக் கற்றுக்கொண்டார். வேறு படிப்பிலிருந்து இந்தப் பக்கம் வருவது அன்றிலிருந்தே நடப்பதுதான்.

வாடிவாசலிலிருந்து காளை பாய்ந்து வரும் ஆறு வினாடிக் காட்சியைப் பிளெண்டரில் செய்தேன். ரிக் இலவசமாகக் கிடைத்தது. நண்பர்கள் பாராட்டுகிறார்கள், ஆனால் காளை மிதப்பது போல எனக்கே தெரிகிறது. இரண்டு மாதமாகத் திருத்தியும் சரியாகவில்லை. என்ன பிழை?
– ஒரு கல்லூரி மாணவர், அலங்காநல்லூர்

தம்பி, நண்பர்கள் பாராட்டிய பிறகும் உங்கள் கண் குறையைக் கண்டுபிடித்திருக்கிறதே, அதுவே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நீங்கள் அனுப்பிய காட்சியை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தேன்.

முதல் பிழை கணக்கில் இருக்கிறது. உங்கள் காளை ஏறத்தாழ 60 செ.மீ. உயரத்துக்குத் துள்ளுகிறது; அங்கிருந்து தரைக்கு வர 20 ஃபிரேம் எடுத்துக்கொள்கிறது. வினாடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில், மேலிருந்து விழும் எதுவும் 6 ஃபிரேமில் சுமார் 30 செ.மீ. இறங்கும், 12 ஃபிரேமில் 1.2 மீட்டர் இறங்கிவிடும். அப்படியானால் 60 செ.மீ. இறங்க 8 அல்லது 9 ஃபிரேமே போதும். நீங்கள் கொடுத்திருக்கும் 20 ஃபிரேம், அதே துள்ளலை நிலவில் துள்ளினால் ஆகும் நேரத்துக்கு அருகில் வருகிறது. பார்ப்பவர் எவருக்கும் இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் பிறந்த நாள் முதல் பொருள்கள் விழுவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது பொய் என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது பிழையை மென்பொருள் உங்களுக்குத் தெரியாமலே செய்கிறது. நாம் நிலையைக் குறித்து வைக்கும் இரண்டு கீ ஃபிரேம்களுக்கு இடையே கணினி தானாகப் போடும் வளைகோடு இரு முனைகளிலும் வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே குளம்பு தரையைத் தொடும் இடத்தில் காளை வேகமாக மோதுவதற்குப் பதிலாக, தரையை நெருங்க நெருங்கத் தயங்கி, மெத்தையில் இறங்குவது போல இறங்குகிறது. இந்த வளைகோடுகளைத் திருத்தும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, குளம்பு தரையைத் தொடும் கீ ஃபிரேமில் கோட்டை வளைக்கும் கைப்பிடிகளை முறித்துக் கோட்டைக் கூராக்குங்கள். உச்சியில் மட்டும் கோடு மெல்ல வளையட்டும். இந்த ஒரு திருத்தத்திலேயே பாதி மிதப்பு போய்விடும்.

மூன்றாவதுதான் பெரியது, அது உடற்கூறு பற்றியது. மாட்டுக்கு நம்மைப் போலக் காறை எலும்பு (தோளை மார்போடு இணைக்கும் எலும்பு) கிடையாது. அதன் மார்புக்கூடு இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே தசைகளால் தொட்டில் போலத் தொங்குகிறது. உடல் எடையில் பாதிக்கும் மேல் முன்னங்கால்களே தாங்குகின்றன. எனவே முன்னங்கால்கள் தரையில் ஊன்றும்போது, மார்பு கீழே அமிழ, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகுக்கு மேல் எழும்பித் தெரிய வேண்டும். தலை ஒரு கணம் பிந்தித் தாழ வேண்டும். அதற்கும் இரண்டு மூன்று ஃபிரேம் பின்னால் திமிலும் கழுத்தடியில் தொங்கும் அலைதாடியும் குலுங்கி அடங்க வேண்டும். உங்கள் காட்சியில் திமில் பாறையைப் போல உடலோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. டிஸ்னி ஓவியர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் தொகுத்துத் தந்த பன்னிரண்டு கோட்பாடுகளுள், தளர்வான பாகங்கள் பிந்தி வந்து அடங்குவதும் ஒன்று. கையால் வரைந்த படங்களுக்கென்று பிறந்த அக்கோட்பாடுகள் கணினி அனிமேஷனுக்கும் அப்படியே பொருந்தும் என்று 1987இல் ஜான் லாசெட்டர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். ஜல்லிக்கட்டுக் காளையின் திமிலைவிடச் சிறந்த பாடம் அதற்கு வேறெங்கும் கிடைக்காது என்பேன்.

பின்னங்காலையும் ஒருமுறை பாருங்கள். நடுவில் பின்னோக்கி மடிகிறதே, அதை முழங்கால் என்று நினைத்து அசைத்திருக்கிறீர்கள். அது குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. உந்தும் விசை அங்கிருந்தும் இடுப்பிலிருந்தும் புறப்பட வேண்டும்.

இவையெல்லாம் சரியான பிறகும் காளைக்கு மனம் வேண்டும். வாசல் திறந்ததும் எல்லாக் காளையும் ஒரே போல ஓடிவிடுவதில்லை என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து தப்பும் காளை ஒரு வகை. நின்று விளையாடும் காளை வேறு வகை. உங்கள் காளை எந்த வகை, அது யாரைப் பார்க்கிறது, எந்தப் பக்கம் திரும்பத் தீர்மானிக்கிறது என்பதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். திரும்பும்போது கண், தலை, தோள், திமில், கடைசியில் பின்பாகம் என்று வரிசையாக வரட்டும்.

இப்போதைக்கு ஆறு வினாடிக் காட்சியை எடுத்து வையுங்கள். காளை வளர்ப்பவர் எவருடைய வீட்டுக்காவது அனுமதி கேட்டு விடியற்காலையில் போய், படுத்திருக்கும் மாடு எழுந்து நிற்பதைச் செல்பேசியில் பக்கவாட்டிலிருந்து படம் பிடியுங்கள். மாடு பின்பாகத்தை முதலில் தூக்கி, முன்னங்கால் மூட்டில் ஒரு கணம் மண்டியிட்டு, பிறகே முழுதாக எழும். எடை எங்கிருந்து எங்கே மாறுகிறது என்பது அந்த ஓர் அசைவில் முழுமையாகத் தெரியும். அதை மட்டும் முதலில் செய்யுங்கள். வாடிவாசலுக்குப் பிறகு வரலாம்.

என்ன கணினி வாங்க வேண்டும்?
– ஒரு வாசகர், மேலூர்

16 ஜிபி ரேம் உள்ள நடுத்தரக் கணினி தொடக்கத்துக்குப் போதும். விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் அட்டை முக்கியமாகத் தேவைப்படுவது ரெண்டரிங்குக்கு, அதாவது ஒளியும் நிறமும் சேர்த்து இறுதிப் படங்களை உருவாக்குவதற்கு. அசைவு கற்கும் முதல் ஆண்டில் ரெண்டர் செய்ய வேண்டியதே இல்லை, சாம்பல் நிறப் பொம்மை போதும். பிளெண்டருக்குக் காசு இல்லை. நிறுவனங்கள் பலவும் பயன்படுத்தும் மாயா என்ற மென்பொருள், தகுதியுள்ள மாணவர்களுக்கு இலவசக் கல்வி உரிமத்தில் கிடைக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இந்தத் தொழிலை நம்பி இறங்கலாமா? நிறுவனங்களே மூடப்படுகின்றன என்றும் கேள்விப்படுகிறேன்.
– ஒரு வாசகி, செல்லூர்

கேள்விப்பட்டது உண்மை. 2013 பிப்ரவரியில் ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்கக் காட்சி விளைவு நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதே மாதம்தான் அது பணியாற்றிய படத்துக்குக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதும் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் காட்சி விளைவு நிறுவனங்களை நடத்திய டெக்னிகலர் குழுமம் முடங்கியபோது இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். திறமை இருந்தால் வேலை நிலைக்கும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்திருப்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குக் கட்டாயம்.

நடிகரின் அசைவைப் பதிவு செய்யும் மோஷன் கேப்சர், 2014இல் வெளிவந்த கோச்சடையான் மூலம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் அறிமுகமானது. இனி அனிமேட்டர் எதற்கு என்று அப்போதும் கேட்டார்கள். பதிவான அசைவில் பாதம் வழுக்கும், கை உடலுக்குள் புகும், எடை தொலையும். அவற்றைக் கண்டுபிடித்துச் சீர்செய்யக் கண் தேர்ந்தவர் தேவைப்பட்டார். செயற்கை நுண்ணறிவால் தொடக்க நிலை வேலைகள் குறையும் என்றே நினைக்கிறேன். அதனால்தான் பொத்தான்களை மட்டும் கற்றுக்கொண்டு நிற்காதீர்கள் என்கிறேன். இந்தப் பாத்திரம் ஏன் இந்தக் கணத்தில் பார்வையைத் தாழ்த்துகிறது என்று இயக்குநரிடம் விவாதிக்கத் தெரிந்தவருக்கு இடம் இருக்கும். திரைப்படத்தை மட்டும் நம்பாமல், அன்ரியல், யூனிட்டி போன்ற, கணினி விளையாட்டுகளை உருவாக்கும் எஞ்சின் மென்பொருள்களில் அசைவைப் பொருத்தவும் கற்றுக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 31. விளக்குத்தூண் அருகே ஜவுளிக் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கும். எத்தனை நாளில் வேலைக்கு முயலலாம்?
– ஒரு வாசகர், மதுரை

வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 470 மணி நேரம் ஆகிறது. இரண்டு ஆண்டு இப்படி உழைத்தால் மூன்று நல்ல ஷாட்கள் உங்களிடம் இருக்கும். இருக்க வேண்டியதும் அவ்வளவுதான். ஷோரீல் ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். மிகச் சிறந்த ஷாட்டை முதலில் வையுங்கள், ஏனென்றால் தேர்வு செய்பவர் இரண்டாவதைப் பார்ப்பாரா என்பதே அதைப் பொறுத்தது. சுமாரான ஷாட் எதையும் நீளத்துக்காகச் சேர்க்காதீர்கள். ரிக் பிறர் செய்தது என்றால் அதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். வயதையோ பட்டத்தையோ முதலில் கேட்கும் லீடை (அனிமேஷன் குழுத் தலைவரை) நான் பார்த்ததில்லை.

உங்கள் கடையையே பயிற்சிக் களமாகக் கொள்ளலாம். இருபதாவது சேலையையும் வேண்டாம் என்று தள்ளும் பெண்மணியின் தோள் எப்படித் திரும்புகிறது, விலையைக் கேட்டதும் கணவரின் கண் எங்கே போகிறது, களைத்துப் போன விற்பனையாளர் சிரிக்கும்போது முகத்தின் எந்தப் பகுதி சிரிக்காமல் நிற்கிறது என்பதையெல்லாம் நீங்கள் அன்றாடம் நேரில் பார்க்கிறீர்கள். ஹைதராபாத்தில் குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருந்த காலத்தில் இத்தகைய முகங்களுக்காக நான் ஏங்கியிருக்கிறேன். முதல் பயிற்சியாக, மேல் தட்டிலிருந்து ஒருவர் சேலைக் கட்டை இறக்கித் தரையில் வைப்பதை நான்கு வினாடியில் செய்யுங்கள். கட்டு கைக்கு வரும் கணத்தில் முழங்கால் மடிகிறதா, இடுப்பு எந்தப் பாதத்தின் மேல் போய் நிற்கிறது என்று உடன் வேலை செய்பவரைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முடித்ததும் ஆசிரியர் முகவரிக்கு அனுப்பினால் ஃபிரேம் எண்ணோடு குறித்து எழுதுகிறேன்.