மதுரைத் துப்பு விளையாட்டு: அணிகள் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க

வணக்கம். அலுவலக நண்பர்களை ஆறு அணியாகப் பிரித்து மாசி வீதிகளில் நடக்கவிட்டால், எல்லாரும் ஒரே துப்பில் குவிகிறார்கள், பதிலையும் கூகுளில் எடுத்துவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில், எல்லா அணிக்கும் ஒரே துப்பு வரிசை என்பதைக் கைவிடுங்கள். மாசி வீதிகள் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரமாக ஓடுவதால், ஒவ்வோர் அணியும் வேறு இடத்தில் தொடங்கலாம். ஓர் இடத்துக்கு ஓர் எழுத்து, கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரு சொல், அவ்வளவுதான். யார் எங்கே முதலில் போனாலும் கெட்டுப்போகாது.

அப்புறம் துப்பு. பத்துத்தூணில் எத்தனை தூண் என்று கேட்டால் பெயரிலேயே பதில் இருக்கிறது! அதன் எதிரே உள்ள கடைப் பலகையின் மூன்றாம் எழுத்தைக் கேளுங்கள், நடந்து போய்ப் பார்த்தே ஆகவேண்டும். முந்தின நாள் நீங்களே போய்ப் பலகை மாறவில்லையே என்று பார்த்துவிடுங்கள். மேலமாசி வீதியில் 1921இல் காந்தி அரையாடைக்கு மாறிய வீட்டைக் கட்டாயம் சேருங்கள், அங்கே அவசரப்படுத்தாதீர்கள், கொஞ்சம் நின்று பார்க்கட்டும். முற்றுப்பெறாத ராயகோபுரமும் விளக்குத்தூணும் நல்ல இடங்கள்.

கோயிலுக்குள் மட்டும் துப்பு வேண்டாம், கைபேசிக்கு அனுமதி இல்லை. காலை ஆறரைக்கே தொடங்குங்கள், வெயிலும் இருக்காது, வண்டியும் குறைவு.