முந்தி வந்த கார் ஏன் தோற்றது? பிராக்கெட் ரேஸ் தொடங்குபவருக்கு ஒரு பதில்

கேள்வி: ஆரையம்பதியில் சிறிய கராஜ் வைத்திருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் கோடையில் தன் காரை, இரண்டு இரண்டு காராக நேர் பாதையில் ஓடும் டிராக் ரேஸுக்குக் கொண்டுபோவார். அவர் அனுப்பிய காணொளியில் ஒரு கார் புறப்பட்டு ஏழெட்டு வினாடி கழித்துத்தான் மற்றக் காரை விட்டார்கள். பிந்திப் புறப்பட்டது துரத்திப் பிடித்து முதலில் கோட்டைக் கடந்தது. ஆனால் அது தோற்றதாக அறிவித்தார்கள்! ஆடி மாதம் நான் அங்கே போகிறேன். என்னையும் ஓடச் சொல்கிறார். இந்த விளையாட்டின் கணக்கு என்ன? அவருடைய காரின் வேகத்தைக் கூட்ட இங்கிருந்து என்ன சாமான் வாங்கிப் போகலாம்? நம் பக்கத்திலும் இப்படி ஒன்றை நடத்த முடியாதா?

பதில்: சாமான் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எதுவும் வாங்க வேண்டாம். ஒரு மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும் என்று தெரியும். ஆனால் உங்கள் மச்சான் ஓடுவது பிராக்கெட் ரேஸ். அதில் கார் எவ்வளவு வேகமானது என்பதற்குப் பரிசு கிடையாது. என் கார் இத்தனை வினாடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டு, எழுதியபடி ஓடிக்காட்டுபவருக்குத்தான் பரிசு.

ஓடும் தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். சில இடங்களில் அதில் பாதி, 201 மீட்டர். கல்லடிப் புதுப் பாலத்தை மனதில் வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும்: பாலம் ஏறத்தாழ 290 மீட்டர், குறுகிய ஓட்டம் அதற்குள் முடிந்துவிடும், நீண்டது பாலத்தையும் தாண்டி ஓடும். இந்தத் தூரத்தைத் தன் கார் கடக்கும் என்று ஓட்டுநர் கணித்து எழுதும் நேரத்துக்கு டயல் இன் என்று பெயர். சப்பாத்துக்குப் பூசும் வெள்ளை பொலிஷால் அதைக் கண்ணாடியில் பெரிதாக எழுதிவிடுவார்கள். ஓடுதளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் இரண்டு கார்களின் எண்களையும் கணினியில் ஏற்றுவார். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு நேரம் முன்னதாக மெதுவான காருக்குப் பச்சை விளக்கு விழும். நீங்கள் கண்ட ஏழெட்டு வினாடி அதுதான்.

இனி உங்கள் கராஜுக்கு வரக்கூடிய இரண்டு வாகனங்களையே நிறுத்திப் பார்ப்போம். ஒன்று பழைய டொல்பின் வேன், கண்ணாடியில் 20.40 என்று எழுதியிருக்கிறது. மற்றது லான்சர் எவலூஷன், 13.10. எண்கள் என் கற்பனை, கணக்கு உண்மையானது. வேன் 7.30 வினாடி முன்னதாகப் புறப்படும். இருவரும் எழுதியபடியே ஓடி, இருவரும் பச்சை விழுந்த கணத்திலேயே நகர்ந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும். ஆனால் அப்படி நடப்பதில்லை. வேன்காரர் பச்சைக்குப் பிறகு 0.120 வினாடி பிந்தி நகர்கிறார், வேன் 20.430இல் ஓடுகிறது, எழுதியதைவிட 0.030 அதிகம். இரண்டையும் கூட்டினால் 0.150. லான்சர்காரர் கெட்டிக்காரர், 0.080இல் நகர்ந்துவிட்டார், ஆனால் கார் 13.190 எடுத்தது, 0.090 அதிகம். கூட்டினால் 0.170. சிறிய கூட்டுத்தொகைக்கே வெற்றி. வேன் 0.020 வினாடியால் வென்றுவிட்டது! மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வந்த லான்சருக்கு அது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி.

அடுத்த சுற்றில் வேன் அதே மாதிரி ஓடுகிறது என்று வையுங்கள். தோற்ற கோபத்தில் லான்சர்காரர் அழுத்து அழுத்தென்று அழுத்தி 13.060இல் வந்துவிடுகிறார். வேனை முந்தியே கோட்டைக் கடந்தார், ஆனாலும் தோல்வி. எழுதிய நேரத்தைவிட விரைவாக ஓடினால் அது பிரேக் அவுட். 13.10 என்று எழுதிவிட்டு 13.099 ஓடினாலும் அதே கதிதான். உங்கள் காணொளியில் நடந்ததும் அநேகமாக இதுவே. இருவருமே பிரேக் அவுட் ஆனால், குறைவாக மீறியவர் வெல்வார்.

இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 13 வினாடிக் காரை 15 என்று எழுதிவிட்டு, இரண்டு வினாடி இலவசமாக வாங்கிக்கொண்டு எல்லோரையும் வென்றுவிடலாம். அந்தக் கள்ளத்தனத்தை அடைப்பதற்குத்தான் பிரேக் அவுட். ஆனால் அனுபவசாலிகள் வேறொன்று செய்வார்கள்: கொஞ்சம் தாராளமாக எழுதிவிட்டு, முடிவுக்கோட்டுக்கு அருகில் எதிராளியை ஓரக்கண்ணால் பார்த்து, மயிரிழையில் முந்தும் அளவுக்கு மட்டும் வேகத்தைக் குறைத்து வெல்வார்கள். பெரும்பாலான இடங்களில் அது குற்றமில்லை. பார்க்க அழகாகவும் இருக்கும். நீங்கள் அதை முதல் ஆண்டில் முயற்சிக்க வேண்டாம். அந்த வேகத்தில் பக்கம் பார்த்துக்கொண்டு பிரேக்கை மிதிப்பது புதியவருக்கு உகந்த வேலை அல்ல.

புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் ஒரு இடம் உண்டு. காரின் ஓட்ட நேரத்தை அளக்கும் கடிகாரம் பச்சை விழுந்ததும் ஓடத் தொடங்குவதில்லை. முன் சக்கரம் தொடக்கக் கோட்டில் குறுக்காகப் பாயும் ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் அது தொடங்கும். பச்சைக்குப் பிறகு நீங்கள் இரண்டு வினாடி தூங்கினாலும், ஓடி முடித்ததும் தரும் நேரச்சீட்டில் உங்கள் காரின் ஓட்ட நேரம் மாறாது. அந்தத் தூக்கம் தனிக் கணக்கில், எதிர்வினை நேரமாக விழும். கார் எழுதியபடியே 13.10 ஓடியும் நீங்கள் தோற்கலாம் என்பதன் காரணம் இதுதான். அப்போது எஞ்சினைத் திறந்து பார்த்துப் பயனில்லை.

ஆகவே விளக்குக் கம்பத்தைப் படியுங்கள். கிறிஸ்மஸ் மரம் என்று அதற்குப் பெயர். கொடி அசைத்து ஓட்டம் தொடக்கிய காலத்துக்குப் பிறகு, 1963இல் அமெரிக்காவில் வந்தது. உச்சியில் சிறிய விளக்குகள் இரண்டு சோடி. முதல் சோடி எரிந்தால் கோட்டை நெருங்கிவிட்டீர்கள்; இரண்டாவதும் எரிந்தால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். இரண்டு ஒளிக்கற்றைகளுக்கும் இடையில் ஒரு சாண் அளவு கூட இல்லை, அதனால் ஊர்ந்து ஊர்ந்து போங்கள். இரண்டாவது எரிந்த கணமே நிறுத்தி, ஒவ்வொரு முறையும் அதே மாதிரி நிறுத்துங்கள். இன்னும் அரைச் சாண் முன்னால் உருட்டினால் எதிர்வினை நேரமும் மாறும், ஓட்ட நேரமும் மாறும்.

பிறகு மூன்று செம்மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக விழும்; கடைசி விளக்குக்கு அரை வினாடி கழித்துப் பச்சை. பச்சையைக் கண்டு புறப்படுபவர் ஏற்கெனவே பிந்திவிட்டார். கண் பார்த்து, கால் அசைந்து, கார் முன்னுருண்டு கற்றையை விட்டு விலக எடுக்கும் நேரம்தான் அந்த அரை வினாடி. எனவே மூன்றாவது செம்மஞ்சள் எரிந்ததும் பிரேக்கை விடுங்கள். சாதாரண வீதிக் காரில் பெரும்பாலும் சிவப்பு விழாது. விழுந்தால் அடுத்த முறை ஒரு நூலிழை தாமதியுங்கள். பச்சைக்கு முன்னே நகர்ந்தால்தான் சிவப்பு, அது உடனடித் தோல்வி. எதிராளி பிறகு பிரேக் அவுட் ஆனாலும் உங்களுக்கு மீட்சி இல்லை. இருவருக்கும் சிவப்பு விழுந்தால் யார் தோற்றவர் என்பது ஓடுதளத்துக்கு ஓடுதளம் மாறும், பதிவு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுடையது வேகமான காராக இருந்தால் இன்னொரு சோதனை. பக்கத்துக் கார் உறுமிக்கொண்டு போய்விடும், நீங்கள் வினாடிகளை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். கால் துடிக்கும். அந்த நேரத்தில் உங்கள் பக்கத்து விளக்கை மட்டும் பாருங்கள். போகிற காரைப் பார்த்தவர் கெட்டார்.

இப்போது கார். மச்சானுடையது ஓட்டோ கியரா, மனுவலா என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்டோ என்றால் நல்லது. நம்மூர் இளைஞர்களுக்கு ஓட்டோ கியர் என்றால் வயதானவர்களின் வாகனம்; இந்த விளையாட்டில் அதுதான் ராஜா. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கியர் மாற்ற மனிதக் கையால் முடியாது. உங்கள் திறமையை வேகத்துக்குச் செலவழிக்காமல் சீருக்குச் செலவழியுங்கள். ரயர் காற்றழுத்தம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே அளவு. பெற்றோல் ஏறத்தாழ ஒரே மட்டம். எஞ்சின் சூடு கோட்டுக்கு வரும்போது ஒரே புள்ளியில். ஒரு சுற்றுக்கு ஆறிய எஞ்சினுடனும் அடுத்த சுற்றுக்குக் கொதிக்கும் எஞ்சினுடனும் போனால், எந்த எண்ணை எழுதுவது? பின் பெட்டியில் உருளும் சாமான்களை எடுத்துவிடுங்கள், பற்றரி இறுகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், சக்கர மூடிகளைக் கழற்றுங்கள். வரிசையில் சேருவதற்கு முன்பே ஏசியை நிறுத்திவிடுங்கள். அதிலிருந்து சொட்டும் தண்ணீர் தொடக்கக் கோட்டில் விழுந்தால் பின்னால் வருபவரின் சக்கரம் வழுக்கும், அவர் உங்களை வாழ்த்த மாட்டார். கோட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றிய இடத்தில் சிலர் புகை பறக்கச் சக்கரம் சுழற்றுவார்கள். அது வழுவழுப்பான பந்தய ரயர்களுக்கு. வீதி ரயரின் வரிப்பள்ளங்களில் தண்ணீர் ஏறிக்கொள்ளும், நீங்கள் அதைச் சுற்றிப் போய்விடுங்கள்.

ஓடி முடித்துத் திரும்பும் வழியில் ஒரு சிறு சாவடியில் நேரச்சீட்டு தருவார்கள். எல்லோரும் கடைசி எண்ணைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் 60 அடி என்ற வரியைப் பாருங்கள். முதல் 18 மீட்டருக்கு எடுத்த நேரம் அது. அங்கே பத்தில் ஒரு வினாடி பிந்தினால் கால் மைல் முடிவில் அது ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ ஆகிவிடும் என்பது பந்தயக்காரர்களின் நடைமுறைக் கணக்கு. முடிவு நேரம் ஏறி இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் புறப்படும் இடத்திலேயே இருக்கிறது.

எந்த எண்ணை எழுதுவது? போட்டிக்கு முன் சோதனை ஓட்ட இரவுகள் நடக்கும். பணம் கட்டி, வரிசை இடம் கொடுக்கும்வரை ஓடலாம். முதலில் அங்கே போங்கள், போட்டி பிறகு. ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தோடும் வெப்பநிலை, காற்று, ஈரப்பதம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மட்டக்களப்பில் கச்சான் காற்று வீசும் மதியத்தில் வாகனங்கள் சோம்பலாக இழுப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, எஞ்சினுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் குறைவு. ஈரப்பதம் கூடினால் நீராவி இன்னும் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கனடாவில் இதன் மறுபக்கம் உங்களைப் பிடிக்கும். மதிய வெயிலில் ஓடிப் பார்த்து எழுதிய எண், பொழுது சாய்ந்து குளிர்ந்ததும் பொய்யாகும்: கார் விரைவாக ஓடும், பிரேக் அவுட். சுற்றுக்குச் சுற்று எண்ணை மாற்றி எழுத அனுமதி உண்டு, வரிசையில் ஏறுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பதிவின்போது மின்னணுத் தாமதக் கருவி (பொத்தானை விட்டதும் குறித்த நேரம் கழித்துக் காரைத் தானே புறப்பட விடுவது) அனுமதிக்கப்படாத, வீதிக் கார்களுக்கான பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.

உடை விடயத்தில் சமரசம் இல்லை. சாரம், அரைக்காற்சட்டை, செருப்பு எதுவும் ஆகாது. முழுக்காற்சட்டையும் மூடிய சப்பாத்தும். அமெரிக்கத் தேசிய ஹொட் ரொட் சங்கத்தின் விதிப்படி கால் மைலை 13.99 அல்லது அதைவிட விரைவாக ஓடும் காருக்குத் தலைக்கவசம் கட்டாயம். சில இடங்களில் எல்லோருக்குமே கட்டாயம். பக்கத்தில் ஆள் ஏற்ற விடமாட்டார்கள். செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். இலங்கைப் பத்திரத்தோடு அங்கே என்ன வேண்டும் என்பதை மச்சான் முன்கூட்டியே விசாரிக்கட்டும்.

நம் பக்கத்தில் நடத்த முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு என்று கரையோரமாக வரும் ஏ4 வீதியில் இரவில் மோட்டார் சைக்கிள்களை முறுக்குபவர்களையும் நினைத்துத்தான் கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். சட்டவிரோதம், மாடு, குழந்தை, உலரப்போட்ட நெல் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். ஒளிக்கற்றையும் ஆயிரத்தில் ஒரு வினாடியை அளக்கும் கடிகாரமும் இல்லாத இடத்தில் பிராக்கெட் ரேஸ் என்று ஒன்று கிடையாது. தொலைபேசியின் நிறுத்தற்கடிகாரத்தால் 0.020 வித்தியாசத்தைத் தீர்க்க முடியாது. ஓடும் தூரத்துக்குப் பிறகு அதே அளவோ அதற்கு மேலோ நின்று ஓய நிலம் வேண்டும், தடுப்பு வேண்டும், அம்புலன்ஸ் வேண்டும். விமான ஓடுபாதை கிடைத்தால்தான் பேசலாம். அதுவரை, நேரத்தோடு போட்டிபோடும் பழக்கத்தை நம் நாட்டிலேயே பார்க்க விரும்பினால், ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கும் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு ஒரு தடவை போய் வாருங்கள்.

பயணத்துக்கு முன் ஒரு வேலை மட்டும். மச்சான் கடந்த கோடையில் வாங்கிய நேரச்சீட்டுகளைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். 60 அடி எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். 0.05க்குள் அவை ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் காரில் கை வைக்காமல் விளக்கைப் பழகுங்கள். சிதறிக் கிடந்தால், போய் இறங்கியதும் ரயர் காற்றழுத்தத்தில் தொடங்குங்கள்.